பத்தொன்பது குழிகள்

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ போடலாமா வேண்டாமா என்று யோசித்தே அரை மணி நேரம் போய்விட்டது. போடாமலே ஆரம்பிக்கிறேன். ஒன்பது வருஷம் கழித்துத் தம்பி எழுதுகிறான் என்றால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று நினைப்பாய். காரியமாகத்தான்.

இந்த வருஷம் மேட்டு நிலம் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. அணைத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், கல்வட்டம் முன்பு நின்ற இடம் வெளியே வந்துவிட்டது. சேறு வெடித்துக் கிடக்கிறது. அதற்கு நடுவில் பத்தொன்பது குழிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் அந்தக் காலத்து ஆட்கள் முட்டுக் கொடுத்த சின்னக் கற்கள் அப்படியே இருக்கின்றன. நாலாயிரம் வருஷ வேலை, ஒரு கல் நகரவில்லை.

சும்மா இருக்காமல் உன் படத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அணை கட்டுகிறபோது நீ வரைந்தாயே, அதே பிரிண்ட். கற்களைப் பிடுங்கி மேலே கொண்டுவந்து பழையபடியே நிறுத்த வேண்டும் என்று என் கையில் கொடுத்தார்களே, அது. அதை வைத்துத்தான் ஒவ்வொரு கல்லையும் மேலே நட்டேன். அப்படியானால் கீழே இருக்கும் குழிகளும் அதே படத்துக்குப் பொருந்த வேண்டுமா இல்லையா? பொருந்தவில்லை அக்கா. வடக்கு பார்த்துப் பிடித்தேன், தெற்கு பார்த்துப் பிடித்தேன், நான் சுற்றினேன், படத்தைச் சுற்றினேன். ஒன்று பொருந்தினால் பதினெட்டு பொருந்தவில்லை. வட்டத்தில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறதல்லவா, வாசல் மாதிரி? மேலே அது வடமேற்கில் இருக்கிறது. கீழே வடகிழக்கில் இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான் வேலைக்கு வந்தபோது கற்கள் எண் போட்டுக் குவியலாகக் கிடந்தன. அவை நின்றிருந்ததை நான் பார்த்ததே இல்லை. பிடுங்கிய கான்ட்ராக்டர் ஆட்கள் அப்போதே எங்கேயோ போய்விட்டார்கள். உன்னோடு அளந்த சர்வேயர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நீ ஒருத்திதான்.

மே இருபதாம் தேதி பேராசிரியை அம்மா கருவிகளோடு வருகிறார், குழிகளை அளக்க. கல்வட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவரே இவர்தான். வருஷத்தின் நீளமான பகல் முடிகிறபோது சூரியன் சரியாக அந்த வாசலில் இறங்குகிறது, ஆகவே இது இறந்தவர்களை வழியனுப்பிய இடம் என்று எழுதினார். நானும் இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அதையேதான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். கற்களைச் சரியாக நட்டவன் என்றுதான் எனக்கு இங்கே நிரந்தர வேலை கொடுத்தார்கள். தப்பாக நட்டவன் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு இங்கே நிற்பேன்?

நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று மட்டும் சொல். திட்டுவதானால் அதற்கப்புறம் திட்டிக்கொள்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரியேதான் இருக்கிறது.

படத்தைச் சுற்றாதே. புரட்டு. ஜன்னல் கண்ணாடியில் பிரிண்டை முன்பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி ஒட்டு. வெளிச்சத்தில் கோடுகள் பின்பக்கம் தெரியும். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அப்படியே வரைந்துகொள். வடக்குக் குறியை மட்டும் நீயாக மேலே போட்டுக்கொள். அந்தத் தாளோடு குழிகளுக்குப் போ.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

பொருந்திவிட்டது! பத்தொன்பதும். ஒவ்வொரு குழியாக ஓடி ஓடிப் பார்த்தேன். எட்டாவது குழிக்கு வந்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கரையில் நின்றிருந்த பம்ப் ஹவுஸ்காரர் எனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகுதான் விஷயம் உறைத்தது. அப்படியானால் மேலே நிற்பது முழுக்க இடம் வலமாக நிற்கிறது. கண்ணாடியில் பார்க்கிற முகம் மாதிரி. வாசல் சூரியன் இறங்குகிற பக்கம் இல்லை, ஏறுகிற பக்கம். அந்த ஆட்கள் யாரையும் வழியனுப்பவில்லை, விடியலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் ஆயிரம் பேரைச் சாயங்காலம் வரச் சொல்லி, தவறான பக்கம் திருப்பி நிறுத்தி, தொண்டை கம்மப் பேசியிருக்கிறேன். நேற்றிலிருந்து எனக்கு எது இடது எது வலது என்பதே குழம்புகிறது. காலையில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். உன் தம்பி பெண்டாட்டி டாக்டரிடம் போகலாம் என்கிறாள்.

இப்போது என் சந்தேகத்தைக் கேட்கிறேன். நான் எழுதியது பாதி உளறல். படத்தைக்கூட அனுப்பவில்லை. நீயோ என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்தக் குழி, எத்தனை அடி, ஒன்றும் இல்லை. ‘புரட்டு’ என்று எழுதிவிட்டாய்.

உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிடுகிறேன். எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நானும் சர்வேயரும் இரண்டே நாள் அங்கே இருந்தோம். இரண்டு நாளும் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் கல் தெரியாது, சூரியன் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு முனையிலிருந்து கத்துவார், நான் மறு முனையில் எழுதிக்கொள்வேன். ஊருக்கு வந்து ட்ரேசிங் ஷீட்டில் வரைந்தேன். சரியாகத்தான் வரைந்தேன். எண்கள் போட நேரம் இல்லை, லாரி கீழே நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரேசிங் ஷீட் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு ஒரே மாதிரி தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்ட் மெஷினில் அதைக் குப்புற வைத்துவிட்டேன். அமோனியா நெடியோடு வந்த பிரிண்டின்மேல் நோட்டைப் பார்த்துக் கல் எண்களையும் வடக்குக் குறியையும் கையால் எழுதினேன். எழுத்து நேராக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

நீ நட்டு முடித்து மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையில் படம் வந்தது. வாசல் பக்கத்துக் கல்லின்மேல் நீ கை வைத்து நிற்கிறாய். தோள் உடைந்த அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். காற்றுக்குப் பயந்து அதன் பின்னால் உட்கார்ந்துதான் நான் ரொட்டி தின்றேன். அங்கிருந்து கல்லைப் பார்த்தால் வாசல் அதற்கு வலப்பக்கம் இருந்தது. அதே பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் இடப்பக்கம் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சட்டைப் பை உன் நெஞ்சின் இடப்பக்கத்தில் சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் உனக்கு வேலை நிரந்தரமாயிற்று. தொல்பொருள் இலாகாவில் சொன்னால் முதலில் உன் தலைதான் உருளும் என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் தலையும் உருளும் என்ற பயம் அதில் எத்தனை பங்கு என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு நான் வராததும் அப்புறம் ஒரு தடவைகூட வராததும் அதனால்தான். அங்கே வந்து நின்று ‘நல்லா இருக்குடா’ என்று சொல்ல என்னால் முடியாது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். ஒன்பது வருஷத்துக்கு முன் என் வீட்டு வாசலில் நின்று, “என் வேலையப் பாக்க வர்றதுக்கு உனக்கு அவ்வளவு இளக்காரமா?” என்று கேட்டாய். “ஆமா, அப்படியே வச்சுக்கோ” என்றேன். அதைச் சொன்னது வாய்தான். நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா


ஏப்ரல் 29

படித்தேன். பதில் எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரியும், அதனால் இந்த இரண்டு வரி. சாப்பிடு.


மே 4

அக்கா,

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் யார்மேல் கோபம் என்பதில்தான் குழப்பம். உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் பேனா என் பக்கம் திரும்புகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கற்களை நடுகிறபோது ஏதோ கோளாறு என்று எனக்கும் தெரியும். எண்கள் இடமிருந்து வலமாகப் போகாமல் வலமிருந்து இடமாகப் போயின. அது வரைகிறவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடிப்பாகத்தின் உருவத்தையும் நீ ஒவ்வொரு கல்லுக்கும் வரைந்திருந்தாய். அதன்படி குழி வெட்டினால் கல் உட்காரவில்லை. ஏழாவது கல்லைக் கிரேனில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க மல்லுக்கு நின்றோம். கிரேன்காரர் சலித்துப்போய், “சார், முன்னுக்குப் பின்னாத் திருப்பிப் பாருங்களேன்” என்றார். திருப்பினேன். அச்சாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் உட்காராத கல்லையெல்லாம் திருப்பினேன். மொத்தம் பதினொன்று.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சின்ன வயதில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லச் சொன்னால் நான் முழிப்பேன், நீ சிரிப்பாய். ஒரு படத்தைப் படிக்கத் தெரியாதா என்று மறுபடி நீ சிரிப்பாயே என்றுதான் கேட்கவில்லை. நம்பினால் நம்பு. சர்வேயருக்குப் பயப்படவில்லை, இலாகாவுக்குப் பயப்படவில்லை, உன் சிரிப்புக்குப் பயந்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், பேராசிரியை புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் அந்தப் பதினொன்றைப் பற்றித்தான். வழவழப்பான முகம் வெளியே பார்த்திருப்பதால், துக்கத்தில் இறந்தவருக்கு முதுகு காட்டி நிற்பவர்களாம். அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினால் வருகிறவர்களில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் வேறு குரலைத் தாழ்த்தி வாசிப்பேன்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள். சொல்வதா, வாயை மூடிக்கொண்டு அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா? பெரியவள் நீ, ஒரு வழி சொல்.

தம்பி


மே 9

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் நான் சிரித்ததுதான் உன் பயமே என்று புரிந்து, உன் மாமா பார்க்காத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நீ வரைபடம் படிப்பதைப் பார்த்துச் சிரித்ததை நான் மறந்தே போயிருந்தேன். நீ மறக்கவில்லை. மன்னித்துக்கொள்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், இலாகா அதிகாரி பெயருக்கு. தவறு முழுவதும் என்னுடையது, பிரிண்டை இடம் வலம் மாற்றி எடுத்தது நான், தெரிந்தும் மறைத்தது நான், நட்டவருக்கு எதுவும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் ஓய்வு பெற்றவள். என்னை என்ன செய்துவிடுவார்கள்? இதைக் கொடுத்துவிட்டு நீ ஒதுங்கிக்கொள். கற்களைத் திருப்பியதைப் பற்றி மூச்சு விடாதே.

இதை எழுதி முடித்து உறையில் போட்ட பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. ஒரு பொய்யை அழிக்க இன்னொரு பொய்யை எழுதி உன் கையில் கொடுக்கிறேனோ? கொடுக்காதே. இல்லை, கொடு. என்னால் முடிவு பண்ண முடியவில்லை. ஒரு கோட்டை அரை மில்லிமீட்டர் பிசகாமல் போட்டவள்தான் நான். இதில் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


மே 17

அக்கா,

மூன்று நாளாக மழை. சாதாரண மழை இல்லை, மேட்டு நிலம் முழுக்க ஓடை ஓடையாக இறங்குகிறது. அணையில் தண்ணீர் ஏறுகிறது. தெற்குப் பக்கத்துக் குழிகள் ஆறு மூழ்கிவிட்டன. இப்படியே பெய்தால் இருபதாம் தேதி பேராசிரியை வந்து தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். போனில் சொன்னேன். வருத்தப்பட்டார். எப்படியும் வந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

கவனித்தாயா? நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். இரண்டு நாளில் எல்லாம் மூழ்கிவிடும், மறுபடி இப்படி ஒரு வறட்சி வர எத்தனை வருஷமோ. உன்னையும் என்னையும் தவிர இது யாருக்கும் தெரியாது. வேலை தப்பும், பெயர் தப்பும். சந்தோஷமாக இருக்க வேண்டியவன் ஏன் குடையைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு நாலு தடவை போய் எத்தனை குழி மிச்சம் என்று பார்க்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. இன்று மதியம் சேற்றில் இறங்கி, மிச்சமிருந்த பதிமூன்றுக்கும் டேப் பிடித்து அளவெடுத்து, போட்டோவும் எடுத்தேன். எதற்கு எடுத்தேன்? மறைக்கிறவன் செய்கிற வேலையா இது?

ஒரு கிழிந்த தாளிலாவது பதில் எழுது. இருபதுக்குள் வராது என்று தெரியும். இருந்தாலும் எழுது.

தம்பி


மே 19

தம்பி,

எனக்கும் தெரியவில்லை. எது செய்தாலும் உன்னோடு இருக்கிறேன். இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

பேராசிரியை வந்தபோது மழை விட்டிருந்தது. குழி ஒன்றுகூட இல்லை, ஒரே தண்ணீர். நாங்கள் மேலே வட்டத்துக்குள் நின்றோம். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்களை மாதிரி ஒழுங்காக வேலை செய்கிறவர் கையில் இந்தக் கற்கள் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம், குழியைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். அதுவரைக்கும் சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டோக்களையும் ஜன்னலில் வரைந்த தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், மறுபடி படம். அவருக்கும் நம்மை மாதிரியே ஆயிற்று. தாளை ஒரு சுற்றுச் சுற்றினார், அப்புறம் அவரே ஒரு சுற்றுச் சுற்றினார். முழுக்கதையையும் சொன்னேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன். “நட்டவருக்கு எதுவும் தெரியாதுன்னு போட்டிருக்காங்களே?” என்றார். “அது எங்க அக்கா எனக்காக எழுதினதும்மா. எனக்குத் தெரியும்” என்று சொல்லி, திருப்பிய பதினொன்றையும் நடந்து நடந்து காட்டினேன். மன்னித்துக்கொள், நீ மூச்சு விடாதே என்றாய்.

ஒரு கல்லில் சாய்ந்து நின்றார். கடைசியில், “அப்ப நான் அந்த அத்தியாயம் எழுதினது உங்களப் பத்தியா?” என்றார். திட்டுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது. டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, காருக்குப் போகிறபோது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

இலாகா அவ்வளவு நல்லவிதமாக இல்லை. விசாரணை முடியும் வரை என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று சாவிக்கொத்தைக் கொடுத்தேன். புதிதாக வந்தவருக்குக் கேட் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை, ஒரு உதை கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுத்தேன். கற்களை மறுபடி பிடுங்கமாட்டார்களாம். இன்னொரு தடவை தூக்கினால் நாலைந்து உடைந்துவிடும் என்று பேராசிரியையே எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன நடந்தது என்று ஒரு பலகை மட்டும் வைப்பார்கள். ஆக, அது இனிமேல் இப்படியேதான் நிற்கும். வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டி பயப்படாத மாதிரி நடந்துகொள்கிறாள், அதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. நீ வராததற்குக் காரணம் அந்தத் தப்பு. அது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பலகையே வைக்கப் போகிறார்கள். இனிமேல் உனக்கு என்ன சாக்கு?

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். உன் மாமா முட்டிவலி என்று வரவில்லை, நான் தனியாகத்தான். ஸ்டாப்பில் வந்து நில், ஆனால் அங்கேயே ஏதாவது விளக்க ஆரம்பிக்காதே.

முதலில் நான் மட்டும் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். அழுவேன் என்று நினைக்கிறேன், அதை யாரும் பார்க்க வேண்டாம். அப்புறம் கூப்பிடுகிறேன். நீ வந்து, எந்தக் கல்லை எப்படித் தூக்கினாய், எப்படி உட்காரவைத்தாய், எது உன்னைப் பாடாய்ப் படுத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொல். திருப்பியது, திருப்பாதது, எல்லாவற்றையும். பஸ் போனால் போகட்டும். பத்தொன்பதையும் கேட்காமல் நான் கிளம்பமாட்டேன்.

அக்கா